படுக்கையறையில் ஒரு லேப்... நரம்பு செல்லின் தலையெழுத்தைப் படித்த ரீட்டா!

லாக்டௌன் நாள்கள் ஞாபகம் இருக்கா? கட்டில்தான் ஆபீஸ், கட்டில்தான் காலேஜ். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் வாழ்க்கையில் எதுவும் உருப்படாது என்று நாம் எல்லோருமே ஒருமுறையாவது புலம்பியிருப்போம். நான் தினமும் புலம்பினேன்.

இப்போ உங்களை 1940-க்குக் கூட்டிட்டுப் போறேன். இத்தாலியின் டூரின் நகரம். ஒரு வீட்டின் படுக்கையறை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதன்மேல் ஒரு மைக்ரோஸ்கோப். ஓரமாக, முட்டைகளைச் சூடு குறையாமல் வைத்திருக்க ஒரு சின்ன இன்குபேட்டர். மேஜை முன்னால் 31 வயதுப் பெண் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் தீட்டிக் கூராக்கிய தையல் ஊசி.

அவர் வெளியே போய் வேலை பார்க்க முடியாது. காரணம் வைரஸ் இல்லை, அரசாங்கம். அவர் யூதராகப் பிறந்துவிட்டார், அதுதான் குற்றம்.

அந்த அறையில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். ஒரு நரம்பு செல் வாழணுமா, சாகணுமா என்பதை யார் முடிவு பண்றாங்க? அந்தக் கேள்வி பின்னாளில் அவரை நோபல் மேடை வரை கொண்டுபோனது. அவர் பெயர் ரீட்டா லெவி மொண்டால்சினி.

அப்பா சொன்ன 'நோ'

1909 ஏப்ரல் 22. டூரினில் ஒரு வசதியான யூதக் குடும்பத்தில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஒருவர் ரீட்டா, இன்னொருவர் பவோலா. அண்ணன் ஜினோ, அக்கா அன்னாவோடு சேர்த்து வீட்டில் நாலு பிள்ளைகள். அம்மா அடேலே ஓவியர். அப்பா அடாமோ லெவி எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர்.

பாசமான அப்பாதான். ஆனால், பெண்கள் காலேஜுக்குப் போனால் நல்ல மனைவியாக, நல்ல அம்மாவாக இருக்க முடியாது என்று நம்பினார். அதனால் மகள்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது என்று முடிவு செய்திருந்தார். இந்த வசனம் நம்ம வீட்டுப் பக்கமும் கேட்டதுதானே?

ரீட்டாவுக்கு என்ன படிக்க வேண்டும் என்றுகூட அப்போது தெளிவு இல்லை. கல்யாணம், குழந்தை என்ற வாழ்க்கை தனக்கு ஒத்துவராது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அப்போதுதான் அவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்ட ஜியோவான்னா வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த இழப்பில் ரீட்டா முடிவெடுத்தார்: டாக்டருக்குப் படிக்கணும்.

20 வயதில் அப்பா முன்னால் போய் நின்றார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. சிக்கல் அடுத்து வந்தது. ரீட்டா படித்த பெண்கள் பள்ளியில் லத்தீன், கிரேக்கம், கணக்கு எல்லாம் மருத்துவப் படிப்புக்குத் தேவையான அளவு கிடையாது. உறவுக்காரப் பெண் ஒருவருடன் சேர்ந்து எட்டே மாதத்தில் அத்தனையையும் படித்துத் தேர்வு எழுதினார். டூரின் மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்தது.

1932-ல் அப்பா இறந்துவிட்டார். 1936-ல் மகள் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு டாக்டர் ஆனதை அவரால் பார்க்க முடியவில்லை.

ஒரே கிளாஸில் மூணு நோபல்

அந்தக் கல்லூரியில் ஜுசெப்பே லெவி என்று ஒரு பேராசிரியர். பெயரில்தான் ஒற்றுமை, ரீட்டாவுக்கு உறவு இல்லை. கோபக்காரர். முசோலினியைப் பிடிக்காது என்பதை வெளிப்படையாகவே காட்டிக்கொள்பவர். உடல் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் படிப்பதில் பெரிய ஆள். நரம்பு செல்களை எப்படிச் சாயம் ஏற்றிப் பார்ப்பது என்பதை ரீட்டா கற்றுக்கொண்டது இவரிடம்தான்.

அவரிடம் படித்த மூன்று மாணவர்கள் பின்னாளில் நோபல் வாங்கினார்கள். சால்வடோர் லூரியா 1969-ல், ரெனாட்டோ டல்பெக்கோ 1975-ல், ரீட்டா 1986-ல். எப்பேர்ப்பட்ட பெஞ்ச், பாருங்க!

ஆனால், படித்து முடித்த இரண்டே வருடத்தில் எல்லாம் தலைகீழானது. 1938-ல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஓர் அறிக்கை வந்தது. அதில் கையெழுத்துப் போட்ட 10 பேரை விஞ்ஞானிகள் என்றுதான் அரசு அறிமுகப்படுத்தியது. மனிதர்களை இனம் இனமாகப் பிரிப்பது உயிரியல் உண்மை, யூதர்கள் இத்தாலிய இனமே இல்லை என்பது அந்த அறிக்கையின் சாரம். அறிவியல் பெயரைச் சொல்லியே செய்த அநியாயம் இது.

ரீட்டாவின் பல்கலைக்கழக வேலை போனது. பேராசிரியர் லெவிக்கும் அதே கதி. கொஞ்ச காலம் பெல்ஜியத்தில் ஆராய்ச்சி செய்தார் ரீட்டா. ஜெர்மன் படை அங்கே நுழைவதற்கு முன்பே ஊர் திரும்பினார். இனி என்ன செய்வது?

ஆபரேஷன் தியேட்டர், பக்கத்தில் கட்டில்

அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் ரீட்டாவைப் பார்க்க வந்தார். இப்போ என்ன ஆராய்ச்சி பண்றே என்று கேட்டதும் ரீட்டாவிடம் பதில் இல்லை. பெரிய லேப் இல்லாமலே சாதித்தவர்கள் இருக்கிறார்களே என்று அந்த நண்பர் உசுப்பிவிட்டார். அதுதான் ஆரம்பம்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கட்டடக் கலைஞரான அண்ணன் ஜினோ இன்குபேட்டர் செய்ய உதவினார். கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் இடுக்கி, கண் டாக்டரின் குட்டிக் கத்தரிக்கோல், தீட்டிய தையல் ஊசி. இவைதான் கருவிகள். இவற்றை வைத்து, முட்டைக்குள் வளரும் கோழிக் கருவுக்கு ஆபரேஷன் செய்தார் ரீட்டா.

ஏன் கோழிக் கரு? அந்தச் சமயத்தில் அவர் கையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கிடைத்திருந்தது. 1934-ல் விக்டர் ஹாம்பர்கர் என்பவர் எழுதியது. ஹாம்பர்கரும் ஜெர்மனியைச் சேர்ந்த யூதர். 1933-ல் நாஜிகள் அவருடைய வேலையைப் பறித்தபோது அமெரிக்காவில் இருந்ததால், அங்கேயே தங்கிவிட்டவர். ஒரு கோழிக் கருவில் இறக்கை முளைக்க வேண்டிய மொட்டை ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிட்டால், அந்த இறக்கைக்குப் போக வேண்டிய நரம்பு செல்களும் முதுகுத்தண்டுப் பக்கம் குறைந்துபோகின்றன என்று அவர் கண்டிருந்தார்.

ஏன் குறையுது? இறக்கையிலிருந்து தகவல் வராததால் அந்த செல்கள் நரம்பு செல்லாகவே மாறவில்லை என்பது ஹாம்பர்கரின் கணிப்பு.

ரீட்டா அதே சோதனையைத் தன் படுக்கையறையில் செய்து பார்த்தார். இடையில் பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த பேராசிரியர் லெவியும் சேர்ந்துகொண்டார். ஒருகாலத்தில் மாணவியை மிரட்டிய ஆசிரியர், இப்போது மாணவியின் அறையில் அசிஸ்டென்ட்! கருவை ஒரு நாளில் மட்டும் பார்க்காமல் அடுத்தடுத்த நாள்களிலும் வெட்டிப் பார்த்தார்கள். கிடைத்த பதில் வேறு மாதிரி இருந்தது.

நரம்பு செல்கள் சரியாகவே உருவாகின்றன. இழையை நீட்டிக்கொண்டு இறக்கை இருக்க வேண்டிய இடத்தை நோக்கிக் கிளம்புகின்றன. அங்கே யாரும் இல்லை. அதன்பிறகுதான் சாகின்றன. அதாவது, அவை பிறக்காமல் போகவில்லை, பிறந்த பிறகு ஏதோ ஒன்று கிடைக்காமல் செத்துப்போகின்றன. அந்த 'ஏதோ ஒன்று' என்ன?

இத்தாலியில் யூதர்களின் கட்டுரையைப் பதிப்பிக்க முடியாது. அதனால் முடிவுகள் பெல்ஜிய இதழில் வெளியாயின.

முட்டைக்கு ஒரு பொய்

டூரின்மேல் குண்டுமழை பொழிய ஆரம்பித்ததும் குடும்பம் கிராமத்துப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு மாறியது. லேப்பும் கூடவே போனது, ஓர் அறையின் மூலையில். கரன்ட் அடிக்கடி போகும். அதைவிடப் பெரிய பிரச்னை, போர்க்காலத்தில் முட்டை கிடைப்பது.

ரீட்டா சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவார். அடை வைத்தால் குஞ்சு பொரிக்கும் முட்டைதான் வேண்டும் என்று கேட்பார். எதுக்கும்மா என்று கேட்டால், என் குழந்தைகளுக்கு அதுதான் சத்து என்று ஒரு பொய். அவருக்குக் குழந்தைகளே கிடையாது! சோதனை முடிந்து மிச்சமாகும் முட்டை வீணாகாது, சமையலறைக்குப் போய்விடும். இந்த ஆம்லெட் எங்கிருந்து வருது என்று தெரிந்ததும் ஜினோ அதைத் தொடுவதையே விட்டுவிட்டாராம்.

1943 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை இத்தாலியைப் பிடித்தது. இனி வீட்டில் இருந்தால் உயிர் போகும். சுவிட்சர்லாந்துக்குத் தப்பும் முயற்சி பலிக்கவில்லை. போலி அடையாள அட்டையோடு ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போய், வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்தது குடும்பம்.

1944 ஆகஸ்ட்டில் ஃபிளாரன்ஸிலிருந்து ஜெர்மன் படை பின்வாங்கியது. ரீட்டா அகதிகள் முகாமில் டாக்டராக வேலை பார்த்தார். டைபாய்டு பரவி, தினமும் மரணம். மருந்தும் போதவில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர பல நேரம் வேறு வழியில்லை. அந்த முகாமுக்குப் பிறகு அவர் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் வேலைக்குத் திரும்பவே இல்லை.

ஒரு செமஸ்டர்னு போனது... 30 வருஷம்!

போர் முடிந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹாம்பர்கர், பெல்ஜிய இதழில் வந்த கட்டுரையைப் படித்திருந்தார். தன் கணிப்பு தவறு என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்றால் நாம் என்ன செய்வோம்? பிளாக்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? வாங்க, சேர்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டார்.

1947-ல் ரீட்டா கப்பல் ஏறினார். அதே கப்பலில் நண்பர் டல்பெக்கோவும் இருந்தார். ஒரு செமஸ்டர் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். தங்கியது 1977 வரை!

அங்கே இருவரும் சேர்ந்து உறுதி செய்த உண்மை கொஞ்சம் அதிர்ச்சியானது. எதையும் வெட்டாத, நல்லபடியாக வளரும் கருவிலும் நரம்பு செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. நம் உடம்பிலும் அப்படித்தான். பல இடங்களில் உருவாகும் நரம்பு செல்களில் கிட்டத்தட்ட பாதி, நாம் பிறப்பதற்கு முன்பே அழிந்துவிடுகின்றன. தேவைக்கு அதிகமாகப் பிறந்து, சரியான இடத்தைத் தொட்டவை மட்டும் பிழைக்கின்றன.

அப்போது ஹாம்பர்கரின் பழைய மாணவர் எல்மர் பூக்கர், எலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் ஒட்டிப் பார்த்திருந்தார். நரம்பு இழைகள் அந்தக் கட்டிக்குள் பாய்ந்து வளர்ந்தன. 1948-ல் அதை எழுதினார். ரீட்டா அதைத் திரும்பச் செய்தார். கட்டி நேரடியாகத் தொடாத நரம்பு முடிச்சுகளும் வீங்கி வளர்வதைக் கவனித்தார். அப்படியென்றால் கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கரைந்து பரவுகிறது. வெட்டப்பட்ட இறக்கையோடு சேர்ந்து காணாமல் போன அந்த 'ஏதோ ஒன்று' இதுவாக இருக்குமோ?

நிரூபிக்க வேண்டுமானால், உடம்புக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் நரம்பை வளர்த்துப் பார்க்கணும். அந்த வித்தை தெரிந்த பழைய தோழி ஹெர்த்தா மேயர் பிரேசிலில் இருந்தார். 1952-ல் ரீட்டா ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார். கூடவே ஒரு சின்னப் பெட்டியில், கட்டியோடு இரண்டு எலிகள். இன்றைய ஏர்போர்ட் செக்கிங்கில் என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

ஆரம்பத்தில் சோதனை சொதப்பியது. விடவில்லை. கட்டியை முதலில் கோழிக் கருவில் வளர்த்து, பிறகு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து நரம்பு முடிச்சின் பக்கத்தில் வைத்தார். ஒரே நாளில், முடிச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் இழைகள், சூரியனைச் சுற்றி வரும் கதிர்போல. அந்த ஒளிவட்டத்தைப் படம் வரைந்து ஹாம்பர்கருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார் ரீட்டா.

பாம்பு விஷத்தில் ஒரு ட்விஸ்ட்

பொருள் இருக்கிறது. அது என்ன பொருள்? இதைக் கண்டுபிடிக்க 1953-ல் சேர்ந்தார் ஸ்டான்லி கோஹன், உயிர்வேதியியல் நிபுணர். ரீட்டாவுக்கு நரம்பு தெரியும், வேதியியல் தெரியாது. கோஹனுக்கு வேதியியல் தெரியும், நரம்பு தெரியாது. செம ஜோடி!

அந்தப் பொருள் புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று பிரித்துப் பார்க்க, பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கலந்தார்கள். விஷத்தில் இருக்கும் நொதி நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும். நரம்பு வளர்ச்சி நின்றால் அதுதான் பொருள், நிற்காவிட்டால் புரதம். இதுதான் கணக்கு. நடந்தது வேறு. இழைகள் முன்னைவிடக் காடுபோல வளர்ந்தன! விஷத்திலேயே அந்தப் பொருள் எக்கச்சக்கமாக இருந்தது.

கோஹன் யோசித்தார். பாம்பின் விஷப்பை என்பது ஒருவகை உமிழ்நீர் சுரப்பிதானே? அப்படியென்றால் எலியின் உமிழ்நீர் சுரப்பி? தேடினார், கிடைத்தது. புரதம்தான் என்பதும் உறுதியானது. அதுதான் 'நரம்பு வளர்ச்சிக் காரணி'. சுருக்கமாக என்.ஜி.எஃப்.

அது நிஜமாகவே உயிர் காக்கும் பொருள்தானா? அந்தப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். இதயத் துடிப்பு, ரத்தக்குழாய் போன்றவற்றைத் தானாக இயக்கும் சிம்பதெடிக் நரம்பு முடிச்சுகள் கிட்டத்தட்ட காணாமலேயே போயின. பதில் கிடைத்துவிட்டது.

நரம்புக்கு ஒரு நோட்டிஃபிகேஷன்

சரி, ஒரு புரதம் வந்து தொட்டால் செல் எப்படிப் பிழைக்குது? இங்கேதான் ஜீன்கள் வருகின்றன. ரீட்டா தொடங்கிய கதையை அடுத்த தலைமுறை விஞ்ஞானிகள் தொடர்ந்தார்கள்.

உங்க போனை எடுத்துக்கோங்க. அதில் எத்தனையோ ஆப் இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. நோட்டிஃபிகேஷன் வந்தால் அதற்குரிய ஆப் திறக்கும். உடம்பின் செல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான். தோல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ-தான். எந்த ஜீன் திறக்குது, எது மூடியிருக்குது என்பதில்தான் வித்தியாசம்.

நரம்பு வளர்ச்சிக் காரணி, வெளியிலிருந்து வரும் ஒரு நோட்டிஃபிகேஷன். அது நேராக டி.என்.ஏ-வைப் போய்த் தொடுவதில்லை. நரம்பு இழையின் நுனியில் 'டிராக்-ஏ' என்றொரு வாங்கிப் புரதம், காலிங் பெல் மாதிரி நிற்கிறது. காரணி வந்து அதில் ஒட்டியதும் இரண்டு டிராக்-ஏ-க்கள் ஜோடி சேர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட் முத்திரை குத்துகின்றன. பெல் அடித்தாச்சு.

ஆனால், ஜீன்கள் இருக்கும் உட்கரு எங்கேயோ இருக்கு. உங்கள் கால் பெருவிரலில் உணர்ச்சி தரும் நரம்பு இழை, இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டு ஓரத்தில் இருக்கும் செல்லிலிருந்து வருகிறது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம்! அதனால் காரணியும் டிராக்-ஏ-யும் சேர்ந்து ஒரு குட்டிப் பைக்குள் அடைக்கப்பட்டு, இழைக்குள் இருக்கும் தண்டவாளம் போன்ற பாதையில் செல்லின் உடலை நோக்கி இழுத்துச் செல்லப்படுகின்றன. அங்கே ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, தகவல் கைமாறி உட்கருவுக்குள் நுழைகிறது.

உள்ளே 'கிரெப்' என்ற புரதம் டி.என்.ஏ-மேல் காத்திருக்கும். அதற்கும் ஒரு பாஸ்பேட் முத்திரை விழுந்ததும் ஜீன்கள் திறக்க ஆரம்பிக்கின்றன. 'சி-ஃபாஸ்' போன்ற சில ஜீன்கள் சில நிமிடங்களிலேயே திறந்துவிடும். அவை உருவாக்கும் புரதங்கள் போய் அடுத்த வரிசை ஜீன்களைத் திறக்கும். இழையை நீட்டும் ஜீன், அடுத்த செல்லோடு பேசத் தேவையான ரசாயனத்தைத் தயாரிக்கும் ஜீன், செல்லைச் சாகாமல் காக்கும் 'பிசிஎல்-2' ஜீன் எனச் சங்கிலி நீளும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி கிடைத்தது 1976-ல். எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து 'பிசி-12' என்ற செல்வகையை உருவாக்கினார்கள். அது நிற்காமல் பிரிந்து பெருகும் செல். அதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால், சில நாள்களில் பெருகுவதை நிறுத்திவிட்டு, கை நீட்டுவதுபோல இழை நீட்டி, நரம்பு செல்லாகவே நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது. அதே டி.என்.ஏ-தான், வந்த தகவல்தான் வேறு.

தகவல் வரவில்லை என்றால்? செல் பட்டினி கிடந்து சாகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1988-ல், ரீட்டா வேலை பார்த்த அதே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில், காரணி கிடைக்காத நரம்பு செல்களில் புதிய புரதம் தயாராவதைத் தடுத்துப் பார்த்தார்கள். அந்த செல்கள் உடனே சாகாமல் பிழைத்திருந்தன! அதாவது, தகவல் வராத செல், சாவதற்கான ஜீன்களைத் தானே திறந்துகொள்கிறது. வாழ்வதற்கு மட்டுமல்ல, சாவதற்கும் ஜீன் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 'இரு, நீ வேணும்' என்று வெளியிலிருந்து தொடர்ந்து யாரோ சொல்லிக்கொண்டிருந்தால்தான் அந்தக் கதவு மூடியிருக்கும்.

இது வெறும் லேப் கதை இல்லை. டிராக்-ஏ ஜீன் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் மிக மிக அரிதாக உண்டு. அவர்களுக்கு வலி தெரியாது, வியர்க்கவும் வியர்க்காது. விழுந்து எலும்பு முறிந்தாலும் அழ மாட்டார்கள். வலியை உணரும் நரம்புகளும் வியர்வைச் சுரப்பிக்கான நரம்புகளும் கருவிலேயே பிழைக்காமல் போனதுதான் காரணம். இதை 1996-ல் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு பக்கம், கருவிழியின் நரம்பு பழுதாகி ஆறாத புண் வருபவர்களுக்கு, இதே காரணி கண் சொட்டு மருந்தாக வந்திருக்கிறது. 2017-ல் ஐரோப்பாவும் 2018-ல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. படுக்கையறை மேஜையில் தொடங்கிய கேள்வி, ஒருவரின் கண்ணில் சொட்டாக விழுகிறது.

நோபல்... ஒரு நெருடல்

1986-ல் மருத்துவ நோபல், ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் கிடைத்தது. கோஹன் தனியாக இன்னொரு காரணியையும் கண்டுபிடித்திருந்தார். எலிக்குட்டிகளின் கண்களை வழக்கத்துக்கு முன்பே திறக்க வைத்த, தோல் செல்களை வளர்க்கும் காரணி அது. இன்றைய சில புற்றுநோய் மருந்துகள் அதன் வாங்கிப் புரதத்தைக் குறிவைத்தே வேலை செய்கின்றன.

ஆனால், அந்த மேடையில் ஹாம்பர்கர் இல்லை. கேள்வியை முதலில் எழுப்பியவர், தன்னை மறுத்த பெண்ணையே அழைத்து லேப் கொடுத்தவர். அவரை விட்டது சரியா என்று விஞ்ஞானிகள் அப்போதே கேட்டார்கள். அதன்பிறகு இருவருக்கும் இருந்த நட்பும் பழையபடி இல்லை. 2001-ல், 100 வயதில் ஹாம்பர்கர் மறைந்தார். ரீட்டாவின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டால் நாமும் அவரை விட்டவர்கள் ஆகிவிடுவோம்.

100-ஐத் தாண்டியும் ஹை ஹீல்ஸ்

ரீட்டா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் ரோம் நகரில், ஓவியரான இரட்டைச் சகோதரி பவோலாவோடு வாழ்ந்தார். நேர்த்தியான உடை, நகை, ஹை ஹீல்ஸ் இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம். விஞ்ஞானி என்றால் தலை கலைந்து, கசங்கிய கோட்டோடுதான் இருக்கணும் என்று யார் சொன்னது?

1992-ல் சகோதரிகள் இருவரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஆப்பிரிக்கப் பெண்களின் படிப்புக்கு உதவுவது அதன் வேலை. பெண்ணுக்குக் காலேஜ் எதுக்கு என்ற வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் அதைச் செய்தார்கள்.

2001-ல் இத்தாலி அவரை வாழ்நாள் செனட்டர் ஆக்கியது. ஒருகாலத்தில் இத்தாலிய இனமே இல்லை என்று துரத்திய அதே நாடு! கௌரவப் பதவிதானே என்று அவர் சும்மா இருக்கவில்லை. 2006-ல், 97 வயதில், அறிவியலுக்கான நிதியைக் குறைத்தால் பட்ஜெட்டுக்கு என் ஓட்டு கிடையாது என்று நின்றார். ஒவ்வோர் ஓட்டும் கணக்கில் வரும் நிலையில் இருந்த அரசு இறங்கி வந்தது.

100 வயதைத் தொட்ட முதல் நோபல் விஞ்ஞானி அவர்தான். 2012 டிசம்பர் 30 அன்று, 103 வயதில், ரோமில் காலமானார்.

ஒரு விஷயம் மட்டும் யோசிச்சுப் பாருங்க. பிறப்பிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது, ரத்தத்தில் எழுதிவிட்டது என்று சட்டம் போட்டவர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்த நேரத்தில்தான் ரீட்டா இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அந்தக் கேள்வி கடைசியில் எங்கே கொண்டுவிட்டது? ஒரு செல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதிக் கதைதான். அது யாரைத் தொட்டது, அங்கிருந்து என்ன தகவல் வந்தது என்பதுதான் மீதி.

ரீட்டாவுக்கும் அப்படி வந்த தகவல்கள் உண்டு. அரை மனதோடு தலையாட்டிய அப்பா, உசுப்பிவிட்ட நண்பர், இன்குபேட்டர் செய்த அண்ணன், கடல் கடந்து வந்த ஹாம்பர்கரின் கடிதம். இவற்றில் ஒன்று வராமல் போயிருந்தாலும் கதை வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.

உங்க பக்கத்திலும் ஒருத்தர் கையை நீட்டிக்கொண்டு, பதில் வருமா என்று காத்திருக்கலாம். இந்தப் பக்கத்தை மூடியதும் அவங்களுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்களேன்!